கல்யாணமே உண்மையான்னு கேட்டு லெட்டர் வந்திருக்கு, 30 நாள்ல பதில் சொல்லணும் (கனடா, மனைவி ஸ்பான்சர்)

பிராம்ப்டன்_மதுரைக்காரன் · 11 ஜூன் 2025

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு சத்தமில்லாம போயிடுவேன், இன்னைக்குத்தான் முதல் போஸ்ட், நீளமா போகும் மன்னிச்சுக்கோங்க. 2021ல எக்ஸ்பிரஸ் என்ட்ரில (படிப்பு, வேலை அனுபவம் பார்த்து எடுக்குற வழி) பிஆர், அதாவது நிரந்தரமா தங்குற உரிமை, வாங்கி வந்தேன், ஊர் மதுரை. 2023 நவம்பர்ல அப்பா தவறிட்டாங்க. பொண்ணு அதுக்கு முன்னாடியே பேசி வச்சிருந்தது, மண்டபம் புடிச்சு பெருசா செய்யலாம்னு இருந்தோம். எங்க பக்கம் வழக்கம் தெரியும்ல, பெரியவங்க போயிட்டா வருஷத்துக்குள்ள முடிக்கணும், இல்லன்னா மூணு வருஷம் தள்ளணும்னு சொல்லிட்டாங்க. அதனால 2024 பிப்ரவரில உசிலம்பட்டி பக்கம் குலதெய்வம் கோயில்ல வச்சு தாலி கட்டினேன், நாப்பது பேர்கூட இல்ல, மேளம் இல்ல மண்டபம் இல்ல, அண்ணனுக்கு துபாய்ல லீவ் கிடைக்காம அவனும் வரல. ரெண்டு நாள் கழிச்சு சார்பதிவாளர் ஆபீஸ்ல ரிஜிஸ்டர் பண்ணிட்டு, மூணு வாரத்துல கிளம்பி வந்துட்டேன். மறுபடி ஜூலைல 16 நாள் போயிட்டு வந்தேன்.

செப்டம்பர்ல ஃபைல் போட்டேன். 1,205 டாலர், பயோமெட்ரிக்ஸ் 85 தனி. ஏஓஆர் (ஃபைல் வந்து சேர்ந்ததுங்கற ரசீது) வந்துச்சு, ஸ்பான்சர் எலிஜிபிள்னு வந்துச்சு, அவளுக்கு மெடிக்கலும் பாஸ். சரி அடுத்து பாஸ்போர்ட் கேப்பாங்கன்னு ஸ்னோ ஜாக்கெட் எல்லாம் பார்த்துட்டு இருந்தா நேத்து இமிக்ரேஷன் ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வருது. கல்யாணம் உண்மையானது இல்லையோ, இமிக்ரேஷனுக்காக மட்டும் பண்ணதோன்னு சந்தேகம் இருக்காம். காரணம் மூணு. ஒண்ணு, விழாவுக்கு ஆள் ரொம்ப கம்மி, கூடப் பொறந்த அண்ணனே இல்ல. ரெண்டு, முதன்முதலா சந்திச்ச தேதி நான் ஒண்ணு சொல்றேன் அவ ஒண்ணு சொல்றா. மூணாவதுதான் தலை சுத்துது, ஜூலைல நான் மதுரைல இருந்த 16 நாளும் என் அட்ரஸ் ஒண்ணு அவ அட்ரஸ் வேறயாம், புருஷன் பொண்டாட்டி ஏன் ஒரே வீட்ல தங்கலன்னு கேக்குறாங்க.

அவகிட்ட சொன்னா அழுகுறா. வக்கீல் வைக்கணுமா, நானே பதில் எழுதலாமா? கை நடுங்குது உண்மையிலேயே.

---

இட்லி_இன்_கால்கரி · 11 ஜூன் 2025

முதல்ல மூச்சு விடுங்க. இது ரிஜெக்‌ஷன் இல்ல. முடிவு எடுக்குறதுக்கு முன்னாடி உங்க பக்கம் என்னன்னு கேக்குறாங்க, அவ்வளவுதான். லெட்டர்ல போட்டிருக்குற தேதிய காலண்டர்ல வட்டம் போடுங்க. நேரம் பத்தலன்னா கூடுதல் டைம் கேட்டு வெப்ஃபார்ம்ல எழுதலாம், ஆனா கடைசி நாள் ராத்திரி கேக்காதீங்க.

எனக்கு ஒரு கேள்வி. ஐஎம்எம் 5532, உங்க உறவ பத்தி கேக்குற ஃபார்ம், அத யாரு நிரப்புனது? ரெண்டு பேரும் உக்காந்து ஒண்ணா நிரப்புனீங்களா?

---

நேரா_பேசுவேன் · 11 ஜூன் 2025

கோவிச்சுக்காதீங்க ப்ரோ, ஆபீசர் பக்கம் நின்னு பாருங்க. பொண்ணு மாப்பிள்ளை நேர்ல பழகுன மாதிரியே இல்ல, கல்யாணத்துல ஆள் இல்ல, ரெண்டாவது தடவை போனப்ப தனித்தனி வீடு. காசு வாங்கிட்டு பேப்பர் கல்யாணம் பண்றவன் நம்ம ஆளுங்கள்லயே இருக்கான், எனக்கே ஒருத்தன் 'சும்மா கையெழுத்து போடு, மூணு வருஷத்துல விவாகரத்து'ன்னு ரேட் பேசினான். அவனுங்க செஞ்ச வேலைக்கு நீங்க பதில் சொல்றீங்க.

---

பிராம்ப்டன்_மதுரைக்காரன் · 11 ஜூன் 2025

@இட்லி_இன்_கால்கரி அக்கா அங்கதான் தப்பு நடந்துச்சு போல. என் பகுதி நான் நிரப்புனேன், அவ பகுதிய அவ ஊர்ல ஒரு பிரவுசிங் சென்டர்ல வச்சு நிரப்பி அனுப்புனா, நான் கையெழுத்து இருக்கான்னு மட்டும் பார்த்தேன். இப்ப எடுத்து படிச்சா, முதல்ல சந்திச்சது 2023 ஆகஸ்ட் 27னு போட்டிருக்கா. அன்னைக்குத்தான் எங்க அம்மாவும் அத்தையும் பொண்ணு பார்க்க போனாங்க, நான் பிராம்ப்டன்ல இருந்து வீடியோ கால்ல இருந்தேன்! அவளுக்கு அதுதான் முதல் நாள். நான் 2024 பிப்ரவரின்னு போட்டிருக்கேன், ஃப்ளைட் எறங்குன நாள்.

@நேரா_பேசுவேன் தனித்தனி வீடுன்னு சொல்றீங்களே, அது ஆடி மாசம் சார். தலை ஆடி. ஆடி ஒண்ணாம் தேதி எங்க மாமனார் வந்து விருந்து வச்சு சீர் குடுத்து பொண்ண திருமங்கலம் கூட்டிட்டு போயிட்டாரு. நான் அம்மா வீட்ல அண்ணாநகர்ல. எனக்கு கிடைச்ச லீவ் அப்பதான்.

---

கோடம்பாக்கம்_எக்ஸ்போர்ட் · 11 ஜூன் 2025

புதுசா கல்யாணமாகி ஆடி மாசம் பார்த்து டிக்கெட் போட்ட ஒரே மாப்பிள்ளை நீங்கதான் தலைவா 😂 சாரி சாரி. சீரியஸ் த்ரெட்னு தெரியும். அடக்க முடியல.

---

ஸ்காபரோ_கிழவன் · 12 ஜூன் 2025

தம்பி, நான் 87ல வந்தனான். மனிசியை ஸ்பொன்சர் பண்ணி எடுக்க 93 ஆயிட்டுது. அப்ப சண்டையால யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டு, அவா கிளாலியால போட்டில ராவோட ராவா கடல் கடந்து, பிறகு கொழும்புக்கு வந்து இன்ரவியூக்கு நிண்டவா. ஒபிசர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமோ, எழுத்து ஒரு நாள், கலியாணம் வேற நாள், இதில எது உண்மைக் கலியாணம் எண்டு. எங்கட ஆக்களுக்கு எழுத்து எண்டா ரெஜிஸ்ரேஷன், தாலி கட்டு பிறகு, ஆறு மாசம் கழிச்சும் நடக்கும். அது எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை. அவைக்கு அது ரெண்டு கலியாணம்.

உங்கட லெட்டரும் அப்பிடித்தான் கிடக்குது. செத்தவீடு நடந்த வீட்டில ஏன் மேளம் இல்லை எண்டு மதுரையில ஆரும் கேக்க மாட்டினம், அதால நீங்களும் எழுதேல்லை. ஆடிக்கு பொம்பிளை தாய் வீட்டை போறது உங்கட ஊரில சின்னப்பிள்ளைக்கும் தெரியும், அதால அதையும் எழுதேல்லை. ஃபைலைப் படிக்கிறவனுக்கு ரெண்டும் தெரியாது. தெரியாதவனுக்கு விளங்கிற மாதிரி எழுதுங்கோ. கோவப்பட்டு எழுதாதேங்கோ. எங்கட பண்பாட்டை அவமதிக்கிறீங்கள் எண்டு தொடங்கினா அந்தக் கடிதம் முடிஞ்சுது.

(எங்கட பக்கம் ஆடிப்பிறப்புக்கு கூழும் கொழுக்கட்டையும் மட்டும்தான், மாப்பிளையைப் பட்டினி போடுறேல்லை.)

---

சட்டம்_கொஞ்சம்_தெரியும் · 12 ஜூன் 2025

நான் வக்கீல் இல்ல, டொரன்டோல ஒரு லீகல் ஆபீஸ்ல வேலை பார்க்குறேன், பொதுவா சொல்றேன். கனடா இமிக்ரேஷன் ரெகுலேஷன் 4(1)ல ரெண்டு சோதனை இருக்கு. கல்யாணம் நடந்தப்ப முக்கிய நோக்கம் இமிக்ரேஷனா இருந்துச்சா, இது ஒண்ணு. இப்ப அந்த உறவு உண்மையானதா, இது ரெண்டு. 2010 செப்டம்பர் வரைக்கும் ரெண்டுமே தப்பா இருந்தாத்தான் நிராகரிக்க முடியும், அதுக்கப்புறம் நடுவுல இருந்த 'மற்றும்' போய் 'அல்லது' ஆயிடுச்சு. ரெண்டுல ஒண்ணுல தோத்தாலும் போச்சு. அதனால உங்க பதில்லயும் ரெண்டு பக்கமும் இருக்கணும்: அன்னைக்கு ஏன் அப்படி பண்ணோம், இன்னைக்கு எப்படி இருக்கோம். நிறைய பேரு வாட்ஸ்அப் சேட்ட மட்டும் குவிச்சு அனுப்புவாங்க, அது ரெண்டாவதுக்கு மட்டும்தான் உதவும்.

இன்னொண்ணு, உங்க மனைவி இதுக்கு முன்னாடி விசிட்டர் விசா இல்லன்னா ஸ்டூடன்ட் விசா போட்டிருக்காங்களா? அதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. ஏஜென்ட் கைல குடுத்த ஃபார்ம்ல கல்யாணம் ஆகலன்னு டிக் விழுந்திருந்தா அது தப்பான தகவல்னு எடுத்துக்குவாங்க, 5 வருஷம் தடை வரைக்கும் போகும். கல்யாணம் உண்மையா பொய்யாங்கறதவிட அது பெரிய தலைவலி.

---

பிராம்ப்டன்_மதுரைக்காரன் · 12 ஜூன் 2025

இல்லங்க, அவ விசாவே போட்டதில்ல, பாஸ்போர்ட்டே கல்யாணத்துக்கு அப்புறம்தான் எடுத்தா, அதுல கணவர் பேர்ல என் பேரு இருக்கு. ஆதாரமா 20 போட்டோ வச்சேன், 20க்கு மேல வைக்கக் கூடாதுன்னு செக்லிஸ்ட்ல இருந்துச்சு, ஆனா யோசிச்சுப் பார்த்தா இருபதும் ஒரே நாள் எடுத்தது, ஒரே சட்டை. ஜூலைல ரெண்டு பேரும் ரெண்டு தடவை மீனாட்சி கோயில் போனோம், உள்ள 2018லேர்ந்து செல்போன் கொண்டு போகக் கூடாதே, ஒரு போட்டோவும் இல்ல. வெளில வந்து ஜிகர்தண்டா குடிச்சப்ப ஒரே ஒரு செல்ஃபி, அதுலயும் அவ பாதி முகம்தான்.

---

இட்லி_இன்_கால்கரி · 12 ஜூன் 2025

அந்த பாதி முகம் செல்ஃபிய வைங்க. நிஜமா சொல்றேன். அதுல தேதி இருக்கும், இடம் இருக்கும், ஆடி மாசம் நீங்க சந்திச்சீங்கன்னு இருக்கும். ஆல்பத்துல இருக்குற 19 மாலை போட்டோவவிட அது மேல். என் ஃபைல்ல ரொம்ப உதவுனதுன்னு நான் நினைக்கிறது எங்க மாமியார் எனக்கு முறுக்கு புழியக் கத்துக்குடுக்குற போட்டோ, அதுல நான் கேவலமா இருப்பேன்.

அப்புறம் மொய் நோட்டு இருக்கா?

---

பிராம்ப்டன்_மதுரைக்காரன் · 12 ஜூன் 2025

அக்கா!!! இருக்கு. கோயில்ல வச்சே பொண்ணு வீட்டு பக்கம் ஒரு பெரியப்பா நோட்டு போட்டு உக்காந்துட்டாரு, உசிலம்பட்டில மொய் இல்லாம விடுவாங்களா. பேரு, ஊரு, தொகை எல்லாம் வரிசையா இருக்கும். அதெல்லாம் ஆதாரமா எடுத்துக்குவாங்களா?

---

சட்டம்_கொஞ்சம்_தெரியும் · 13 ஜூன் 2025

ஏன் எடுத்துக்க மாட்டாங்க. வந்தவங்க யாரு, எந்த ஊருன்னு அன்னைக்கே கையால எழுதுன பதிவு, இதவிட என்ன வேணும். ஆனா தமிழ்ல இருக்குற எல்லாத்துக்கும் மொழிபெயர்ப்பு வேணும், சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர்கிட்ட குடுங்க, இல்லன்னா மொழிபெயர்த்தவரோட சத்தியக் கடிதம் கூடவே வரணும். நீங்களோ உங்க சொந்தக்காரங்களோ மொழிபெயர்க்கக் கூடாது. மொய்னா என்னன்னு மேல ரெண்டு வரி எழுதுங்க, வெறும் காசு லிஸ்ட்ட பார்த்து வரதட்சணைன்னு நினைச்சுடப் போறாங்க.

குடும்ப அட்டை என்னாச்சு? அவங்க பேரு பொறந்த வீட்டு ரேஷன் கார்டுலேர்ந்து நீக்கி உங்கம்மா கார்டுல சேர்த்தாச்சா?

---

பிராம்ப்டன்_மதுரைக்காரன் · 13 ஜூன் 2025

சேர்த்தாச்சு, 2024 அக்டோபர்ல. ஆடி முடிஞ்சு ஆவணி பொறந்ததும் அம்மா போய் கூட்டிட்டு வந்தாங்க, அதுலேர்ந்து அவ எங்க அம்மாகூடத்தான் இருக்கா. ஆதார் அட்ரஸும் மாத்திட்டா. அம்மா தனியா இருக்காங்க, அவதான் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போறா. சே, கார்டு, ஆதார் மாத்துனதெல்லாம் ஃபைல் போட்டதுக்கு அப்புறம் நடந்ததுனால நான் அப்டேட்டே பண்ணல.

---

விசிட்டர்ல_வந்தவன்_மச்சான் · 15 ஜூன் 2025

இடையில புகுந்ததுக்கு சாரி. என் தங்கச்சி விசிட்டர் விசால இங்க வந்து மாப்பிள்ளை கூட மிசிசாகால இருக்கா, இன்னும் ஃபைல் போடல. எல்லாரும் இன்லேண்ட் (கனடாக்குள்ள இருந்தே போடுறது) போடு, அப்பதான் வொர்க் பர்மிட் கிடைக்கும், அவுட்லேண்ட் (வெளிநாட்டு ஆபீஸ் வழியா போடுறது) போட்டா சும்மா உக்காந்திருக்கணும்னு சொல்றாங்க, கரெக்டா?

---

சட்டம்_கொஞ்சம்_தெரியும் · 15 ஜூன் 2025

பழைய கதை. 2023 மே மாசத்துலேர்ந்து அவுட்லேண்ட் போட்டவங்களும் கனடாக்குள்ள ஸ்பான்சரோட ஒரே வீட்ல, செல்லுபடியாகுற ஸ்டேட்டஸோட இருந்தா, ஏஓஆர் வந்தப்புறம் ஓப்பன் வொர்க் பர்மிட் போடலாம். வித்தியாசம் வேற இடத்துல இருக்கு. அவுட்லேண்ட்ல நிராகரிச்சா ஸ்பான்சர் 30 நாளுக்குள்ள இமிக்ரேஷன் அப்பீல் டிவிஷனுக்கு போகலாம், அங்க புது ஆதாரம் குடுக்கலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வச்சு நேர்ல பேசலாம். இன்லேண்ட்ல அந்த அப்பீல் கிடையாது, ஃபெடரல் கோர்ட்தான், அதுக்கு 15 நாள்தான் டைம், அங்க ஆபீசர் முடிவு எடுத்த முறை சரியான்னு பார்ப்பாங்களே தவிர உங்க கல்யாணத்த மறுபடி முதல்லேர்ந்து பார்க்க மாட்டாங்க. இன்லேண்ட் போட்டுட்டு நடுவுல ஊருக்கு போனா திரும்ப உள்ள விடுவாங்கன்னு உத்தரவாதமும் இல்ல. பாட்டிக்கு உடம்பு சரியில்லன்னு கிளம்பிப் போய் மாட்டுனவங்கள நான் பார்த்திருக்கேன்.

---

மான்ட்ரியால்_சாம்பார் · 10 ஜூலை 2025

நீங்கல்லாம் ஒன்டாரியோல இருந்துட்டு பத்து மாசம் பன்னெண்டு மாசம்னு அழறீங்க. க்யூபெக்ல எங்க நெலமைய கேளுங்க. 2024 ஜூன் 26லேர்ந்து 2026 ஜூன் 25 வரைக்கும் குடும்ப ஸ்பான்சர் ஃபைல் மொத்தம் 13,000தான் எடுப்போம், அதுல மனைவி, கணவன், 18 வயசு ஆன பிள்ளைகளுக்கு 10,400னு வரம்பு வச்சாங்க. இந்த மாசம் அது நிரம்பிடுச்சு, கதவ சாத்தியாச்சு. மத்திய அரசு ஃபைல் ஒரு பக்கம், மாகாண ஃபைல் இன்னொரு பக்கம், ரெண்டும் சேர்ந்தாத்தான் பிஆர். நான் ஒட்டாவாக்கு வீடு மாத்தலாமான்னு யோசிச்சுட்டு இருக்கேன், பக்கத்து மாகாணம்தானே. ஆனா சும்மா அட்ரஸ் மட்டும் மாத்தினா புடிச்சுடுவாங்கன்னு நண்பன் சொல்றான், அதுவும் சரிதான்.

---

கோவிட்_மாப்பிள்ளை · 12 ஜூலை 2025

நான் 2021ல ஜூம்ல கல்யாணம் பண்ணேன் சார். ஃப்ளைட் இல்ல, அவங்க வீட்ல தாலிய பொண்ணோட அத்தை கட்டினாங்க, நான் லேப்டாப்ல பார்த்தேன், 300 பேர் ஆன்லைன்ல. ஃபைல் ரிஜெக்ட் ஆச்சு. 300 பேர் சாட்சி இருந்தும்!

---

சட்டம்_கொஞ்சம்_தெரியும் · 12 ஜூலை 2025

சாட்சி எண்ணிக்கை பிரச்சினையே இல்லங்க. 2015 ஜூன்லேர்ந்து பதிலி கல்யாணம், போன், இன்டர்நெட் கல்யாணம் எதுவும் இமிக்ரேஷனுக்கு செல்லாது, ரெண்டு பேரும் ஒரே இடத்துல நேர்ல இருக்கணும். கனடா ராணுவத்துல இருக்குறவங்களுக்கு மட்டும் விலக்கு. ஊருக்கு போய் நேர்ல பதிவு பண்ணிட்டு புதுசா ஃபைல் போடுங்க, ஜூம் கதைய மறைக்காம கவரிங் லெட்டர்ல சொல்லுங்க.

---

பெயர்_வேண்டாம்_பிளீஸ் · 14 ஜூலை 2025

தனி இழை போட பயமா இருக்கு, இங்கயே கேக்குறேன். என்னை ஸ்பான்சர் பண்ணி வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. கார்ட் வந்தாச்சு, ஆனா அவர்தான் வச்சிருக்கார். சண்டை வந்தா 'ஒரு போன் போட்டா உன் பிஆர் போயிடும், ரெண்டு வருஷம் என்கூட இருந்தாத்தான் உனக்கு பேப்பர்'னு சொல்றார். அவங்க அக்காவும் அதேதான் சொல்றாங்க. கை ஓங்குறது ரெண்டு தடவை நடந்துடுச்சு. உண்மையிலேயே போயிடுமா?

---

ஸ்காபரோ_கிழவன் · 14 ஜூலை 2025

பிள்ளை, போகாது. முதல் அதை நம்புங்கோ.

---

சட்டம்_கொஞ்சம்_தெரியும் · 14 ஜூலை 2025

போகாது, போகாது, போகாது. அவங்க சொல்றது செத்துப்போன சட்டம். 2012 அக்டோபர்லேர்ந்து 2017 ஏப்ரல் வரைக்கும், கல்யாணமாகி ரெண்டு வருஷம்கூட ஆகாம, குழந்தையும் இல்லாம வந்தவங்களுக்கு ரெண்டு வருஷம் சேர்ந்து வாழணும்னு நிபந்தனை இருந்துச்சு. இந்த மாதிரி பொம்பளைங்க அடிய வாங்கிட்டு வாய மூடிட்டு இருக்காங்கன்னுதான் அத 2017 ஏப்ரல்ல எடுத்தாங்க. இப்ப நீங்க லேண்ட் ஆன (பிஆரா உள்ள வந்த) நிமிஷத்துலேர்ந்து உங்க பிஆர் உங்களோடது. பிரிஞ்சா போகாது, விவாகரத்தானா போகாது, அவர் ஸ்பான்சர வாபஸ் வாங்கவும் முடியாது, அதெல்லாம் நீங்க லேண்ட் ஆகுறதுக்கு முன்னாடியோட முடிஞ்சது.

இன்னும் சொல்லப்போனா கட்டுப்பட்டிருக்கறது அவர்தான். உங்களுக்கு 3 வருஷம் பொறுப்புன்னு கையெழுத்து போட்டிருக்கார், பிரிஞ்சாலும் அது ஓடும், நீங்க வெல்ஃபேர் வாங்க வேண்டி வந்தா அரசாங்கம் அந்தக் காச அவர்கிட்டத்தான் கேக்கும். கார்ட் அவர்கிட்ட இருந்தா பயப்படாதீங்க, அது வெறும் அட்டை, வேற எடுக்கலாம், ஸ்டேட்டஸ் அந்த அட்டைல இல்ல.

அடிக்கிற நேரம் 911, தமிழ்ல பேசணும்னு சொன்னா மொழிபெயர்ப்பாளர லைன்ல எடுப்பாங்க. அவசரம் இல்லாதப்ப 211க்கு அடிங்க, பக்கத்துல எங்க தங்க இடம் இருக்குன்னு சொல்வாங்க. டொரன்டோ பக்கம்னா பார்ப்ரா ஷ்லைஃபர் கிளினிக்ல இந்த மாதிரி பெண்களுக்குன்னே இலவச சட்ட உதவி இருக்கு, தெற்காசியர்களுக்குன்னு சால்கோன்னு லீகல் கிளினிக்கும் இருக்கு. இந்தப் பக்கத்த படிச்சதும் பிரவுசர் ஹிஸ்டரிய அழிச்சுடுங்க.

---

இட்லி_இன்_கால்கரி · 14 ஜூலை 2025

உங்களுக்கு தனியா மெசேஜ் போட்டிருக்கேன்மா. பாத்துட்டு பதில் போடலன்னாலும் பரவால்ல.

---

நேரா_பேசுவேன் · 15 ஜூலை 2025

என் நண்பன் ஒருத்தனுக்கு கேக்குறேன் (நிஜமாவே நண்பன்தான்). எக்ஸ்பிரஸ் என்ட்ரில சிங்கிளா போட்டு சிஓபிஆர் (பிஆர் உறுதிக் கடிதம்) கைல வந்துடுச்சு, அம்மா 'போறதுக்கு முன்னாடி தாலிய கட்டிட்டு போடா'ன்னு சொல்லி பத்து நாள்ல கல்யாணம். ஏர்போர்ட்ல கல்யாணம் ஆச்சான்னு கேட்டதுக்கு பயத்துல இல்லன்னுட்டான். இப்ப பொண்டாட்டிய கூப்பிடணும்.

---

சட்டம்_கொஞ்சம்_தெரியும் · 15 ஜூலை 2025

ஐயோ. அதே ரெகுலேஷன்ல 117(9)(டி). லேண்ட் ஆகுறப்ப இருந்த குடும்பத்த சொல்லாம, அவங்கள பரிசோதிக்காம விட்டுட்டா அப்புறம் குடும்ப வகைல ஸ்பான்சரே பண்ண முடியாது, காலத்துக்கும். 2019ல ஒரு தளர்வு கொண்டு வந்தாங்க, ஆனா அது அகதியா வந்தவங்களுக்கும், குடும்ப ஸ்பான்சர்ல வந்தவங்களுக்கும்தான், எக்ஸ்பிரஸ் என்ட்ரி ஆளுக்கு பொருந்தாது. மனிதாபிமான அடிப்படைல கேக்குறது ஒண்ணுதான் வழி. அதோட, பொய் சொன்னதுக்கு அவன் பிஆருக்கே ஆபத்து இருக்கு, அதனால ஃபார்ம் எதையும் தொடுறதுக்கு முன்னாடி நல்ல வக்கீல்கிட்ட காசு குடுத்து பேசச் சொல்லுங்க. கன்சல்டன்ட்னா, அவங்களுக்கு லைசென்ஸ் குடுக்குற கன்சல்டன்ட் காலேஜோட இணையத்துல பேரு இருக்கான்னு தேடிட்டு போகச் சொல்லுங்க, கல்யாண மண்டபத்துல விசிட்டிங் கார்டு குடுத்தவன்கிட்ட வேண்டாம்.

அன்னைக்கு ஏர்போர்ட்லயே உண்மைய சொல்லியிருந்தா லேண்டிங் தள்ளிப்போயிருக்கும், பொண்டாட்டியையும் சேர்த்து பரிசோதிச்சுட்டு ரெண்டு பேரையும் பார்த்திருப்பாங்க.

---

நேரா_பேசுவேன் · 15 ஜூலை 2025

அவன்கிட்ட சொன்னேன். போன வச்சுட்டான்.

---

பிராம்ப்டன்_மதுரைக்காரன் · 20 ஜூலை 2025

அப்டேட் குடுக்காம இருந்ததுக்கு மன்னிக்கணும். ஜூலை 7 பதில் அனுப்பிட்டேன், வக்கீல் ஒருத்தர்கிட்ட ஒரு மணி நேரம் மட்டும் காசு குடுத்து காமிச்சேன், எழுதுனது நானும் அவளும்தான். இந்த தடவை ராத்திரி வீடியோ கால்ல ரெண்டு பேரும் ஒரே ஃபைல தொறந்து வச்சு வரி வரியா எழுதுனோம். மொத்தம் ஆறு பக்கம். கிழவர் ஐயா சொன்ன மாதிரி கோவத்த எல்லாம் வெட்டிட்டேன், முதல் டிராஃப்ட்ல இருந்துச்சு.

தேதி விஷயத்துல அவ 'நேர்ல' அப்படிங்கற வார்த்தைய கவனிக்கல, வீடியோ கால்ல பார்த்த நாள எழுதிட்டேன், என் தப்புன்னு நேரடியா எழுதுனா, கூடவே அன்னைக்கு எங்க அத்தை எடுத்த போட்டோ, தட்டுல பூ, பக்கத்துல போன்ல என் மூஞ்சி. அப்பா இறப்புச் சான்றிதழ் வச்சோம், ஏன் அவசரமா, ஏன் மேளம் இல்லன்னு அதுலேர்ந்தே புரியும். அண்ணன் துபாய்லேர்ந்து கடிதம் குடுத்தான், லீவ் மறுத்த மெயிலோட. ஆடிக்கு ஒரு பக்கம் முழுசா, அது ஜூலை நடுவுல தொடங்கும், புதுப் பொண்ணு பொறந்த வீட்டுக்கு போவா, அந்த மாசம் கரு தங்கினா சித்திரை வெயில்ல பிரசவம் ஆகும்னு பெரியவங்க சொல்ற காரணம்னு எல்லாம் எழுதி, மாமனார், அம்மா ரெண்டு பேரோட சத்தியக் கடிதமும் வச்சோம். அத மொழிபெயர்த்துக் குடுத்த லேடியே சிரிச்சுட்டு, என் தலை ஆடிலயும் இப்படித்தான்னாங்க. ரேஷன் கார்டு, ஆதார், மாசா மாசம் அவ அக்கவுண்டுக்கு அனுப்புன பணம், ஆபீஸ் இன்சூரன்ஸ்ல நாமினி, பாதி முகம் செல்ஃபி.

மொய் நோட்டு 38 பேர். எண்ணிப் பார்த்தா கடைசில எங்க அப்பா நண்பர் ஒருத்தர், அப்பா பேர்ல 501 எழுதி வச்சிருக்காரு. எனக்கு இத்தனை நாள் தெரியாது. அந்தப் பக்கத்த மட்டும் ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தேன்.

---

ஸ்காபரோ_கிழவன் · 20 ஜூலை 2025

நல்லாச் செய்திருக்கிறியள் தம்பி. இனி இமிக்ரேஷன் வெப்சைட்டைத் திறந்து திறந்து பாக்காதேங்கோ.

---

பிராம்ப்டன்_மதுரைக்காரன் · 9 செப்டம்பர் 2025

பாஸ்போர்ட் கேட்டு மெயில் வந்துடுச்சு!!! காலைல 4:50க்கு அவதான் கூப்பிட்டா, நான் தூக்கத்துல 'என்ன லெட்டர் மறுபடியா'ன்னு கேட்டேன். இன்டர்வியூ இல்ல ஒண்ணும் இல்ல. எல்லாருக்கும் நன்றி, பேரு சொன்னா விட்டுப்போயிடும்.

அடுத்த கேள்வி. தாலிக்கொடி ஒன்பது பவுன், அவங்க வீட்ல போட்ட நகை தனி. ஏர்போர்ட்ல சொல்லணுமா?

---

இட்லி_இன்_கால்கரி · 9 செப்டம்பர் 2025

அப்பாடா!! வாழ்த்துக்கள் ரெண்டு பேருக்கும். நகை எல்லாத்தையும் லிஸ்ட்ல எழுதச் சொல்லுங்க, பிஎஸ்எஃப் 186னு ஃபார்ம் இருக்கு, ஒவ்வொண்ணா வெள்ளைத் துணில வச்சு போட்டோ எடுத்து எடை போட்டு மதிப்பு எழுதி வைங்க. அப்புறமா கொரியர்ல வர்ற சாமான் இருந்தாலும் அதையும் இப்பவே எழுதிடணும், லேண்ட் ஆகுறப்ப சொல்லாதது பின்னாடி வந்தா வரி கேப்பாங்க. பணம் 10,000 டாலரோ அதுக்கு மேலயோ இருந்தா சொல்லியே ஆகணும்.

---

கோடம்பாக்கம்_எக்ஸ்போர்ட் · 9 செப்டம்பர் 2025

டிக்கெட் போடுறப்ப தமிழ் காலண்டர் பாருங்க தலைவா.

---

பிராம்ப்டன்_மதுரைக்காரன் · 9 செப்டம்பர் 2025

பார்த்துட்டேன். புரட்டாசி போகட்டும்னு அம்மா சொல்றாங்க, ஐப்பசி ரெண்டாம் வாரம் போட்டிருக்கேன்.

---

பெயர்_வேண்டாம்_பிளீஸ் · 10 செப்டம்பர் 2025

வாழ்த்துக்கள் அண்ணா. நான் வேற இடத்துல இருக்கேன் இப்ப. கார்டுக்கு புதுசா அப்ளை பண்ணியாச்சு. @இட்லி_இன்_கால்கரி அக்கா, அந்த விண்டர் பூட்ஸ் சைஸ் சரியா இருந்துச்சு.